சம்மாட்டியின் உள்ளங்கால்

அத்தியாயம் பதினான்கு

நல்ல நாளும் அதுவுமாய் வீட்டில் சத்தம் போடக் கூடாது என்று திருவிழா தொடங்கிய நாளிலிருந்து எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தவள் கஜலக்ஷ்மி. தீமிதிப்பு நாளன்று காலை ஆறு மணிக்கு அந்த வீட்டில் முதல் சத்தம் போட்டவளும் அவள்தான்.

"அந்த நூலைக் கொண்டுபோய்க் கடலில எறியன்டி!"

மகள் நிசாந்தி தன் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அம்மா சொன்ன நூல் அந்தப் பைக்குள்தான் இருந்தது. பேனா அளவு பிடி, அதன் நுனியில் விரல் நீளத்துக்கு ஒரு நைலோன் இழை. உடப்பு ஊரில் எந்தப் பிள்ளையும் அதைப் பார்த்தவுடன் மீன் பிடிக்கிற தங்கூசி என்றுதான் சொல்லும். அதை உள்ளங்காலில் வைத்து வளையும்வரை அழுத்த வேண்டும். கண்ணை மூடிக்கொண்டிருப்பவர் உணர்ந்தால் 'ஓம்' என்பார். உணராதவர் சும்மா இருப்பார். சீனி வருத்தம் என்கிற நீரிழிவு காலின் நரம்பைக் கெடுத்துவிட்டதா என்று பார்க்க உலகம் முழுக்க இருக்கிற வழி அதுதான். அதில் சாமிக் குற்றம் எதுவும் இல்லை.

ஆனால் ஊர் அப்படி நினைக்கவில்லை. ஊர் என்ன, பெற்ற தாயே அப்படி நினைக்கவில்லை.

"தண்ணி வைச்சிருக்கிறன், முழுகு. முழுகிப்போட்டு மாமா வீட்டை போய் எல்லாருக்கும் முன்னால மன்னிப்புக் கேக்கிறாய். அவர் கேக்கிற கடதாசியக் குடுக்கிறாய். நாலு மணிக்கு முதல் இது முடிய வேணும்."

"நான் என்ன பிழை செய்தனான் எண்டு மன்னிப்பு?"

"அதை என்னட்டக் கேக்கிறியோ? அண்ணன் கோயில் வாசலில நிண்டு சொன்னவர். தீ சுடாதது அம்மனால இல்லையாம் எண்டு என்ட மருமகள் கண்டுபிடிச்சிருக்கிறாள் எண்டு. நூறு சனம் கேட்டது. நான் கூடை தூக்கிக்கொண்டு நிண்டனான்டி அங்க!"

அம்மாவின் குரல் உடைந்தது. நிசாந்திக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. எரிச்சல்தான் கூட. ஏனென்றால் அம்மனைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

அவள் பல்கலைக்கழகத்தில் தாதியியல் நாலாம் வருடம். போன வருடம் வார்ட்டில் பயிற்சிக்கு நின்றபோது ஒருவருக்குத் தினமும் காலுக்கு மருந்து கட்டினாள். வேறு ஊர்க்காரர், சீனி வருத்தம், எங்கோ ஒரு கோயிலில் தீ மிதித்தவர். சுட்டது அவருக்குத் தெரியவில்லை. நாலு நாள் கழித்து மணத்தபோதுதான் தெரிந்தது. முதலில் விரல்களை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, பிறகு முழங்காலுக்குக் கீழே எல்லாவற்றையும். அந்த மனுசனின் முகம் மறக்கவில்லை என்பதால்தான் அவள் தன் இறுதி ஆய்வுக்குத் தீமிதிப்புக்கு நேர்ந்துகொண்ட சீனி வருத்தக்காரரின் கால்களை எடுத்துக்கொண்டாள்.

அப்போது ஊரில் யாரும் முகம் கொடுக்கவில்லை. காலை நீட்டிக்கொண்டு ஒரு குமர்ப்பிள்ளைக்கு முன்னால் இருப்பதா என்று சிரித்தார்கள். முதலில் வந்து கதிரையில் அமர்ந்து காலை நீட்டியவர் மாமா.

சொக்கையா சம்மாட்டி. அம்மாவின் அண்ணன். கரைவலையின் சொந்தக்காரர், கடற்கரையில் அவர் வலைக்கயிற்றில் கை வைத்தால் நாற்பது பேர் கை வைப்பார்கள். இருபத்திரண்டு வருடமாகத் தீக்குழியில் முதலில் இறங்குகிறவர். "என்ட மருமகள்ட படிப்புக்கு நான் கால் குடுக்காம ஆர் குடுக்கிறது?" என்று அவர் சொன்னதற்கு அடுத்த நாள் முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். ஆக முப்பத்தொரு பேர்.

அந்த முப்பத்தொரு பேரில் மாமாவின் கால்தான் ஆக மோசம். ஒரு காலுக்குப் பத்து இடம். வலது காலில் ஓர் இடத்தில் மட்டும் உணர்வு இருந்தது, இடது காலில் இரண்டு. போதாக்குறைக்கு மாமா கள்ளமும் செய்தார். அவள் மூச்சு விடுவதைக் கேட்டு எப்போது அழுத்துவாள் என்று கணக்குப் பார்த்து, சும்மா 'ஓம்' சொல்லிக்கொண்டிருந்தார். அவள் நூலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்கேயும் தொடாமல் இருந்தபோதும் மூன்று தரம் 'ஓம்' என்றார். கண்ணை மூடிக்கொண்டு, சிரித்த முகத்தோடு.

போன வெள்ளிக்கிழமை அதை அவருக்குத் தனியாகச் சொன்னாள். கிளினிக்குக்குக் கடிதமும் கொடுத்தாள். "இந்த வருசம் இறங்காதைங்கோ மாமா" என்றாள். அவர் கடிதத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், எழுந்து போனார். அன்று பின்னேரமே கோயில் வாசலில் அந்தப் பேச்சு.

மனுசன் நல்ல கெட்டிக்காரர். தன் காலைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. அவள் வாயைத் திறக்க முடியாது என்பதும் அவருக்குத் தெரியும். சம்மதப் படிவத்தில் அவள்தான் கையெழுத்து வைத்திருந்தாள்: உங்கள் பெயரோ முடிவோ உங்கள் சம்மதமின்றி எவருக்கும் சொல்லப்படமாட்டாது. எவருக்கும் என்றால் எவருக்கும்தான். அம்மாவுக்கும் சேர்த்து.

"வாய்க்குள்ள என்ன வைச்சிருக்கிறாய்? கதையன்!" என்றாள் கஜலக்ஷ்மி.

"முழுகப் போறன்" என்றாள் நிசாந்தி.

*

பத்து மணிக்குப் பாண் வாங்கப் போனபோது குறுகலான ஒழுங்கையின் ஓரத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த பெண்கள் அவள் கடந்து போகும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். கடந்ததும் ஒருத்தி தொடங்கினாள்.

"அம்மனை அளக்கிற மிஸ் போறா."

"எத்தனை அடி எண்டு கேளன்."

சிரிப்பு. நிசாந்தி திரும்பவில்லை. சின்ன வயதில் அவளுக்குத் தலை சீவி இழுத்துவிட்டவர்கள் அவர்கள். அந்தச் சிரிப்பு அவளுக்கு நன்றாக வலித்தது.

கடை மூலையில் கீதன் நின்றான். மாமாவின் ஒரே மகன், அவளுக்கு நிச்சயமானவன். ஆலங்குடாவில் ஒரு கடற்கரை ஹோட்டலில் வேலை. தீமிதிப்புக்கு இரண்டு நாள் லீவில் வந்திருந்தான். வழக்கமாக அவளைக் கண்டால் முதலில் சிரிப்பவன். இன்றைக்குச் சைக்கிளை விட்டு இறங்கவே இல்லை.

"நிசா, ஒரு கேள்வி. உண்மை சொல்லு. அப்பாட காலில என்ன?"

"ஏன் கேக்கிறியள்?"

"நீ சாமியைப் பற்றிக் கதைக்கிற ஆள் இல்லை. எனக்குத் தெரியும். அப்பா சொல்றதில ஏதோ இடிக்குது. அவருக்கு ஏதும் வருத்தமோ?"

சொல்லிவிடலாம். ஒரே ஒரு சொல் போதும். இந்த மனுசன் ஓடிப்போய்த் தகப்பனைப் பிடித்து நிறுத்துவான். அவள் பாண் பையை இறுக்கிப் பிடித்தாள்.

"அதை நீங்கள் மாமாவிட்டத்தான் கேக்க வேணும் மச்சான்."

"கேட்டிட்டன். அறைய வந்தார். இப்ப உன்னட்டக் கேக்கிறன்."

"என்னால சொல்ல ஏலாது."

"ஏலாதோ, மாட்டியோ?"

"ரெண்டும்தான்."

"நான் உன்னைக் கட்டப் போறவன், நிசா."

"படிவத்தில அப்பிடி ஒரு விலக்கு இல்லை."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கடுமையாக விழுந்தது என்று அவளுக்கு விளங்கியது. கீதன் பெடலில் காலை வைத்தான். பிறகு ஹாண்டிலைத் திருப்பினான்.

"நல்லது. படிவத்தையே கட்டு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

*

பல்கலைக்கழகத்துக்கு எடுத்த போன் கோலிலும் ஆறுதல் கிடைக்கவில்லை. அவளுடைய ஆய்வை மேற்பார்க்கும் விரிவுரையாளர் ஸுஹைரா. மன்னாரிலிருந்து வந்த குடும்பம், புத்தளத்தில் வளர்ந்தவர். தேன் தடவிப் பேசத் தெரியாதவர் என்று வகுப்பே சொல்லும்.

"எத்தின பேர் விலகிட்டாங்க?"

"பதினாலு பேர், மேடம்."

"திங்கக்கிழம பதினேழாகும். பொறகு இருபதாகும். மாமாவ எடுக்க வாணாம்டு நான் சொன்னேனா இல்லயா?"

"சொன்னீங்கள். ஆனா அவர் வராட்டி ஒருத்தரும் வந்திருக்கமாட்டினம்."

"அதுதான் புள்ள பிழையே! அந்த முப்பது பேரும் ஒங்கட படிவத்த வாசிச்சா கையெழுத்து வச்சாங்க? சம்மாட்டி வச்சாரு, அவங்களும் வச்சாங்க. வலை இழுக்கிற மாதிரி. இப்ப அவர் கைய எடுத்திட்டாரு, அவங்களும் எடுக்கிறாங்க. அதுக்குப் பேரு சம்மதமா?"

நிசாந்திக்குக் காது சுட்டது. அவள் அதை ஒருநாளும் அப்படி நினைத்துப் பார்க்கவில்லை. முப்பது கையெழுத்தைக் கண்டு சந்தோசப்பட்டாள், அவ்வளவுதான். கரையில் பிறந்தவளுக்கு அது இயல்பாகப் பட்டது.

"மேடம், ஆய்வு போனாப் போகட்டும். இண்டைக்குப் பின்னேரம் மாமா இறங்கப் போறார். அவர்ட வீட்டாருக்கு நான் சொல்லலாமோ?"

"அவருக்கு விளங்கச் சொன்னீங்களா?"

"ஓம்."

"கடிதம்?"

"குடுத்தன்."

"அப்ப ஒங்கட கடமை முடிஞ்சு. வீட்டாருக்குச் சொல்றதா இல்லயாண்டு நீங்க தனிய முடிவெடுக்க ஏலாது. நெறிமுறைக் குழுட தலைவருக்கு நான் எழுதியிருக்கிறன். திங்கக்கிழம கூடுவாங்க."

"தீ இண்டைக்கு அஞ்சு மணிக்கு, மேடம்."

"தெரியும்" என்றார் ஸுஹைரா. "அவர் விலகினாலும் அந்த வாக்கு ஒங்கள விட்டுப் போகாது. அத மீறினா ஒங்களுக்காக நான் குழுவில கதைக்கமாட்டன். முன்கூட்டியே சொல்லிட்டன்."

கோல் வெட்டுப்பட்டது. நிசாந்தி போனைப் பார்த்துக்கொண்டு கிணற்றுக் கட்டின்மேல் இருந்தாள். அந்த மனுசியில் அவளுக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னதெல்லாம் சரி என்பதால் கோபம் இன்னும் கூடியது.

*

மூன்று மணிக்குக் கஜலக்ஷ்மி மகளின் கையைப் பிடித்து, கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு, அண்ணன் வீட்டு வாசல் படலையைத் திறந்தாள்.

முற்றம் நிறைய ஆட்கள். மஞ்சள் வேட்டி கட்டிய வலைக்காரர்கள், அவர்களின் மனைவிமார், ஈரத் தலையோடு பிள்ளைகள். எல்லோரும் கடலில் முழுகிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார்கள். நடுவில் கைகளைக் கட்டிக்கொண்டு மாமா நின்றார். ஐம்பத்தெட்டு வயது, கறுத்த அகன்ற நெஞ்சு, மணிக்கட்டில் காப்பு. நோன்பில் முகம் வாடியிருந்தது. நோன்பென்று பத்து நாளாக அவர் சீனி வருத்தத்துக்கான குளிசையும் விழுங்கவில்லை என்பது நிசாந்திக்குத் தெரியும்.

"வந்திட்டா, படிச்ச அம்மா" என்றார் சம்மாட்டி. "வாருங்கோ. கதிரை போடவோ?"

சிலர் சிரித்தார்கள்.

"அண்ணன், பிள்ளை மன்னிப்புக் கேக்க வந்திருக்கிறாள்" என்று கஜலக்ஷ்மி கெஞ்சினாள்.

"அவள் வாயால கேக்கட்டும். அதோட நான் கையெழுத்து வைச்ச கடதாசி. அது எனக்கு வேணும்."

நிசாந்தி தோளில் இருந்த பையைப் பிடித்தாள். அவள் கண் தரையில் நின்றுவிட்டது.

படலையிலிருந்து முற்றம் வரை சீமெந்துப் பாதை. அந்தப் பாதையில் ஈரக் கால் அடையாளங்கள் பல. அவற்றுக்குள் ஒரு வலது காலின் அடையாளத்தில், பெருவிரலுக்குக் கீழே, ஒவ்வோர் அடிக்கும் ஒரு சிவப்புப் பொட்டு. கிட்ட வரவரப் பொட்டு பெரிதாகிக்கொண்டே வந்தது.

அதே நேரம் செம்போடு வந்த கீதனின் தாய், மாமியும் கண்டுவிட்டாள்.

"ஐயோ, ரத்தம்! ஆர்ட கால் வெட்டினது?"

முற்றத்தில் எல்லோரும் குனிந்தார்கள். ஆளுக்கு ஆள் காலைத் தூக்கிப் பார்த்தார்கள். பிள்ளைகள் ஒற்றைக் காலில் துள்ளினார்கள்.

"ஆரடா அது?" என்று சம்மாட்டி அதட்டினார். "தீ மிதிக்கப் போற நேரத்தில காலைக் கவனமா வைச்சிருக்கத் தெரியாதோ? வடிவாப் பாருங்கோடா!"

அவர் மட்டும் தன் காலைப் பார்க்கவில்லை. அவருக்குப் பார்க்கத் தோன்றவில்லை, ஏனென்றால் அவருக்கு எதுவும் நோகவில்லை.

கீதன்தான் தகப்பனின் பாதத்தடியைக் கண்டான். அங்கே சீமெந்து ஒரு கையகலத்துக்குச் சிவந்திருந்தது.

"அப்பா" என்றான். "உங்கட கால்."

சம்மாட்டி காலைத் தூக்கித் திருப்பினார். உள்ளங்காலில் ஒரு சிப்பி ஓடு அரைவாசி புதைந்து நின்றது. கடற்கரையிலிருந்து அதோடு நடந்து வந்திருக்கிறார். கால் மைலுக்குக் குறையாது.

நிசாந்தி மனசுக்குள், அப்பாடா, என்றாள். இனி அவள் எதுவும் சொல்லத் தேவையில்லை. எல்லோரும் கண்ணால் கண்டுவிட்டார்கள்.

பாவம், அவளுக்குத் தன் ஊரை இன்னும் தெரியவில்லை.

"தாயே!" என்று ஒரு கிழட்டு வலைக்காரர் கத்தினார். "பாத்தியளோ? ஓடு ஏறியும் அவருக்கு நோகேல்லை! அம்மன் இப்பவே அவர்ட காலில வந்து நிக்கிறா!"

முற்றம் பொங்கிவிட்டது. ஒருத்தி அழுதுகொண்டே விழுந்து கும்பிட்டாள். இன்னொருத்தி அந்த ரத்தத்தைத் தொட்டுத் தன் பிள்ளையின் நெற்றியில் வைத்தாள். காலையில் ஒழுங்கையில் சிரித்த பெண் நிசாந்தியின் பக்கம் திரும்பினாள்.

"இதையும் உன்ட தங்கூசியால அளப்பியோ, மிஸ்?"

அவளைத் தவிர இந்தக் கூட்டத்தில் மாமா ஒருவருக்குத்தான் உண்மை தெரியும். அவர் நிசாந்தியை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபத்தைவிடப் பயம்தான் கூட இருந்தது. ஆனால் வாய் வேறு சொன்னது.

"கடதாசி."

நிசாந்தி பையைத் திறந்து படிவத்தை எடுத்தாள். கீழே மாமாவின் கோணல் கையெழுத்து.

"கிழி" என்றார்.

"முதல் காலைக் காட்டுங்கோ மாமா. அந்த ஓட்டை எடுக்க வேணும்."

"தொடாத! கிழி எண்டு சொன்னனான்."

கிழித்தாள். இரண்டாக, நாலாக, எட்டாக. துண்டுகளை அவர் கையிலேயே கொடுத்தாள்.

"இனி உங்கட பேர் என்ட ஆய்வில இல்லை."

"அப்ப போ."

போகலாம். போனால் திங்கட்கிழமை மிச்ச ஆட்களோடு ஏதாவது எழுதலாம். பட்டமும் கிடைக்கலாம். அஞ்சு மணிக்கு மாமா அந்தப் புண்ணோடு தணலில் இறங்குவார், ஊர் கும்பிடும், நாலு நாள் கழித்து மணக்கத் தொடங்கும். வார்ட்டில் யாரோ ஒரு பிள்ளை மூக்கைச் சுருக்காமல் மருந்து கட்டும்.

நிசாந்தி போகவில்லை.

"மாமா, படிவத்தைக் கிழிச்சாச்சு, இனிச் சொல்லலாம் எண்டு நான் கதைக்க வரேல்லை. கிழிச்சாலும் நான் தந்த வாக்கு வாக்குத்தான். அதை இப்ப நான் முறிக்கப் போறன். முறிக்கிறது பிழை எண்டு தெரிஞ்சுதான் முறிக்கிறன்."

"வாயை மூடு!"

"எல்லாரும் கேளுங்கோ. அம்மனைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லை, ஒருநாளும் சொல்லமாட்டன். மாமாட ரெண்டு காலிலயும் உணர்வு செத்துப் போச்சு. சீனி வருத்தம் நரம்பைத் திண்டிட்டுது. குத்தினாலும் தெரியாது, வெட்டினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. இண்டைக்கு அவர் இறங்கினா அந்தக் கால் அவருக்கு மிஞ்சாது. இதை நான் அவருக்குத் தனியச் சொன்னனான். அதுதான் அவர்ட கோபம். வேற ஒண்டும் இல்லை."

கன்னத்தில் பளீர் என்று விழுந்தது. அடித்தது மாமா இல்லை. கஜலக்ஷ்மி.

"ஊருக்கு முன்னால என்ட அண்ணனை நொண்டியாக்கிறியோ? உன்னைத் தோளில தூக்கி வளத்தவரடி!"

நிசாந்தி கன்னத்தைத் தடவவில்லை. அவள் கீதனைப் பார்த்தாள். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"காலமை நான் கேட்டனான்" என்றான் அவன், மெதுவாக. "எனக்குச் சொல்ல ஏலாது எண்டாய். நான் அறையைப் பூட்டியெண்டாலும் அப்பாவை மறிச்சிருப்பன். ஒருத்தருக்கும் தெரிஞ்சிராது. எனக்குச் சொல்லாததை ஊருக்குச் சொல்லுறாய்."

அவன் சொன்னது நியாயம்தான். காலையில் வாக்கைக் காப்பாற்றினாள், பின்னேரம் முறித்தாள். இரண்டு தரமும் அடி வேறு யாருக்கோ விழுந்தது.

"பொய்!" என்றார் கிழட்டு வலைக்காரர். "படிச்ச திமிர்! சம்மாட்டி, சொல்லுங்கோ, பொய் எண்டு!"

சம்மாட்டி சொல்லவில்லை.

மாமிதான் பேசினாள். இருபத்தொன்பது வருடக் குடித்தனத்தில் ஊருக்கு முன்னால் புருசனைப் பற்றி அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தரம்.

"ஒத்தைச் செருப்போட வீட்டை வருவார்" என்றாள். "மற்றச் செருப்பு எங்கை எண்டு கேட்டா, காலைப் பாத்துத்தான் கழண்டது தெரியும் அவருக்கு. நான் வயசு எண்டு நினைச்சன். போன மார்கழியில சுடுகஞ்சி காலில ஊத்துப்பட்டது. ஆள் அசையேல்லை. நான் அதையும் அருள் எண்டுதான் நினைச்சன்."

அவள் செம்பைக் கீழே வைத்துவிட்டு, புருசனின் காலடியில் குந்தி, தண்ணீர் ஊற்றி அந்த ஓட்டைப் பிடித்து இழுத்தாள். அது வந்தது. அவர் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. முற்றமே அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

இந்தத் தரம் யாரும் தாயே என்று கத்தவில்லை.

சம்மாட்டி மெல்லக் கதிரையில் இருந்தார். கையில் இருந்த கடதாசித் துண்டுகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்தார். பிறகு பேசினார். குரலில் அதட்டல் போயிருந்தது.

"எந்த வருசத்தில இருந்து?"

நிசாந்திக்கு முதலில் விளங்கவில்லை. "என்ன மாமா?"

"இருபத்திரண்டு வருசம் இறங்கியிருக்கிறன். முதல் வருசம் பயத்தில என்ட மூத்திரம் போனது, ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா சுடேல்லை. அம்மன் எண்டு நினைச்சன். ஒவ்வொரு வருசமும் அம்மன் எண்டுதான் நினைச்சன். நீ சொல்லு. அதில எத்தனை வருசம் அவ என்னைத் தாங்கினவ? எந்த வருசத்தில இருந்து வெறும் வருத்தம்?"

நிசாந்தி நாலு வருடம் படித்ததில் இந்தக் கேள்விக்கு ஒரு வரி இருக்கவில்லை. சீனி வருத்தம் எப்போது தொடங்கியது, எப்போது கண்டுபிடித்தார்கள், எத்தனை வருடத்தில் நரம்பு போகும் என்றெல்லாம் அவளுக்குத் தெரியும். மனுசன் கேட்டது அது இல்லை.

"தெரியாது மாமா" என்றாள். அவளுக்கு அழுகை வந்தது. "சத்தியமாத் தெரியாது."

"தெரியாததை ஏன்டி பிறகு என்னட்ட இருந்து எடுத்தனி?"

அவர் எழுந்தார். கால் மிதித்த இடமெல்லாம் சிவக்க, உள்ளே போய் அறைக் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் முற்றம் வரை கேட்டது.

*

நாலரைக்கு மேளம் ஒழுங்கைக்குள் வந்துவிட்டது.

முதலில் இறங்குகிறவரை அழைத்துப்போக வரும் மேளம். படலைக்கு வெளியே நேர்ந்துகொண்டவர்கள் எல்லோரும் மஞ்சள் உடுத்து வந்து நின்றார்கள். அவர்களில் பலரின் கால்களை நிசாந்தி தன் மடியில் வைத்துப் பார்த்திருக்கிறாள். யார் யாருக்கு உணர்வு இல்லை என்று அவளுக்கு மனப்பாடம்.

உள்ளே நடந்தது படலை தாண்டி வாய்க்கு வாய் போனது. அதைக் கேட்டு ஒருவராவது தன் காலைக் குனிந்து பார்ப்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் கதவைத்தான் பார்த்தார்கள்.

"சம்மாட்டி வந்தா நாங்களும் வாறம்" என்றார் ஒருவர். "அவர் வராட்டி ஒருத்தரும் இறங்கமாட்டம்."

அதுவும் அவள் செய்த வேலைதான் என்பதுபோல எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

கீதன் போய்க் கதவைத் தட்டினான். "அப்பா, திறவுங்கோ. உங்களுக்குப் பதிலா நான் இறங்கிறன்."

"நீ நோன்பு பிடிச்சனியோ?" என்று உள்ளே இருந்து குரல் வந்தது.

"இல்லை."

"அப்ப தள்ளி நில்."

பிறகு இன்னொரு தரம் குரல். அது கீதனுக்கு இல்லை.

"கஜலக்ஷ்மி! உன்ட மகளை என்ட வளவை விட்டுப் போகச் சொல்லு. அவள் போன பிறகுதான் நான் கதவு திறப்பன். அவள் நிண்டு என்னைப் பாக்கக் கூடாது."

கஜலக்ஷ்மி மகளைப் பார்த்தாள். அடித்த கையாலேயே படலையைக் காட்டினாள்.

"நான் போனா அவர் இறங்குவாரோ அம்மா?" என்று நிசாந்தி கேட்டாள்.

"எனக்குத் தெரியாது. போ."

கதவைத் திறக்கவைக்க ஒரே வழி அவள் போவதுதான். கதவு திறந்தால் அவர் தீக்குழிக்கும் போகலாம், ஆசுபத்திரிக்கும் போகலாம். எதுவென்று பார்க்க அவளுக்கு இனி உரிமை இல்லை. அவள் பையைத் தோளில் போட்டாள். கீதனின் பக்கம் திரும்பினாள். அவன் கதவோடு நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான், திரும்பவில்லை.

படலையில் நின்றவர்கள் வழி விட்டார்கள். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லைப் போல் இருந்தது.

ஒழுங்கை முனைக்கு வந்துவிட்டாள். பின்னால் மேளம் அடித்துக்கொண்டே இருந்தது. தாழ்ப்பாள் விலகும் சத்தம் அவ்வளவு தூரத்துக்குக் கேட்காதுதான், ஆனால் ஆட்களின் இரைச்சல் ஒரு தரம் எழுந்து அடங்கியதில் கதவு திறந்துவிட்டது என்று அவளுக்கு விளங்கியது.

அடுத்த நிமிடம் மேளம் நின்றது. அவர் தீக்குழிக்குப் புறப்பட்டிருந்தால் அது நிற்காது.

ஏன் நின்றது என்று திரும்பிப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.